அறுபது வயதுக் கட்டடத்தை என்ன செய்வது? அகமதாபாத் விடுதிகளை முன்வைத்து

கட்டடப் பொறியாளரான நண்பன் ஒருவனோடு போன மாதம் ஒரு வாக்குவாதம். அகமதாபாத் ஐ.ஐ.எம். வளாகத்தில் லூயி கான் வடிவமைத்த மாணவர் விடுதிகளைப் பற்றிப் பேச்சு வந்தது. அவற்றை இடிக்கவே கூடாது என்று நான் அரைமணி நேரம் பேசியிருப்பேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிப்பா. நாளைக்கு உன் பொண்ணு அங்க படிக்கப் போனா, அந்த ரூம்ல தங்க வைப்பியா?" என்றான்.

உடனே பதில் சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தாலும் அது நேர்மையான பதிலாக இருந்திருக்காது. இப்படிப்பட்ட கட்டடங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று எழுதுகிற எங்களில் பலரும் அவற்றைப் புகைப்படத்தில் பார்க்கிறவர்கள், அல்லது ஒருநாள் போய்ச் சுற்றிவிட்டு வருகிறவர்கள். மழை ஒழுகும் கூரைக்குக் கீழே படுத்துத் தூங்குகிறவர்கள் வேறு ஆட்கள். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இந்த விவகாரத்தை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். அதன் குறிப்புகள்தான் இவை.

என்ன நடந்தது

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1961-இல் தொடங்கப்பட்ட நிறுவனம் அகமதாபாத் ஐ.ஐ.எம். விக்ரம் சாராபாயும் ஜவுளி ஆலை அதிபர் கஸ்தூர்பாய் லால்பாயும் அதன் பின்னால் இருந்தார்கள். வளாகத்தை வடிவமைக்க யாரைக் கூப்பிடலாம் என்ற பேச்சு வந்தபோது, உள்ளூர்க் கட்டடக் கலைஞரான பி.வி. தோஷி சொன்ன பெயர் லூயி கான். அமெரிக்காவின் ஃபிலடெல்பியாவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த கான் 1962-இல் இந்தப் பணிக்கு வந்தார். டாக்கா நாடாளுமன்றக் கட்டடப் பணியும் அதே ஆண்டில்தான் அவர் கைக்கு வந்தது. தோஷி இங்கே கூடவே இருந்தார். கானின் ஃபிலடெல்பியா அலுவலகத்தில் வேலை பார்த்த அனந்த் ராஜே பிறகு அகமதாபாத்துக்கு வந்து வளாகத்தின் மிச்ச வேலைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து செய்தார். 1974 மார்ச்சில் அகமதாபாத்திலிருந்து திரும்புகிற வழியில், நியூயார்க் ரயில் நிலையத்தில் கான் மாரடைப்பால் இறந்துபோனார். வளாகம் முழுமையாக முடிந்ததை அவர் பார்க்கவில்லை.

2020 டிசம்பரில், 18 விடுதிகளில் 14-ஐ இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட, கட்டடக் கலைஞர்களிடமிருந்து விருப்பம் கேட்டு நிறுவனம் அறிவிப்பு வெளியிட்டது. உலகம் முழுக்க எதிர்ப்பு கிளம்பியது. கானின் மூன்று பிள்ளைகளும் சேர்ந்து கடிதம் எழுதினார்கள். ஒரு வாரம், பத்து நாளுக்குள், 2021 ஜனவரி 1 அன்று அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. நம்மில் பலர் அதோடு கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டோம்.

முடியவில்லை. 2022 நவம்பரில் நிறுவனம் இன்னொரு அறிவிப்பு வெளியிட்டது. கட்டமைப்பு நிபுணர்களின் அறிக்கைகளைக் காட்டி, இந்தக் கட்டடங்களில் ஆட்கள் குடியிருப்பது பாதுகாப்பில்லை, சீரமைப்புப் பணியைத் தொடரப் போவதில்லை, சிலவற்றை வெளித்தோற்றம் மாறாமல் மறுபடி கட்டுவோம், உள்பக்க விடுதிகளின் இடத்தில் புதியவை வரும் என்ற அளவில் அது இருந்தது. முதல் அறிவிப்புக்கு எழுந்த சத்தத்தில் பாதி கூட இதற்கு எழவில்லை என்பது என் எண்ணம். "இடிக்கிறோம்" என்றால் எல்லோருக்கும் கோபம் வருகிறது. "பாதுகாப்பில்லை" என்றால் பேச்சு அடங்கிவிடுகிறது.

அந்த விடுதிகளில் அப்படி என்ன இருக்கிறது

வழக்கமான கல்லூரி விடுதி எப்படி இருக்கும்? நீளமான நடைபாதை, இரண்டு பக்கமும் வரிசையாக அறைகள், கோடியில் குளியலறை. கான் அந்த நடைபாதையை எடுத்துவிட்டார். ஒரு தளத்துக்குப் பத்து அறைகள். அவை ஒரு மாடிப்படியையும், தேநீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்து பேசுவதற்கான ஒரு பொது இடத்தையும் சுற்றி அமைகின்றன. அறையை விட்டு வெளியே வந்தால் நடந்து கடந்து போகிற இடம் கிடையாது, நின்று பேசுகிற இடம்தான். ஹார்வர்டு முறையில், நிகழ்வுகளை எடுத்து வைத்து விவாதித்துப் படிக்கிற நிறுவனம் அது. வகுப்பில் ஆரம்பித்த விவாதம் விடுதியில் தொடரட்டும் என்பது யோசனை. அங்கே படித்தவர்கள் தங்களை இன்றும் விடுதி எண்ணை வைத்து அடையாளம் சொல்லிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அந்த யோசனை வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம்.

வெயில் இன்னொரு விஷயம். மே மாதம் அகமதாபாத் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கட்டடங்கள் தென்மேற்குக் காற்றை வாங்குகிற மாதிரி நிறுத்தப்பட்டிருக்கின்றன. தடித்த செங்கல் சுவர், அதில் பெரிய வட்டத் திறப்புகளும் வளைவுகளும், அதற்குப் பின்னால் நிழல், நிழலுக்குள்ளே அறை. கண்ணாடி ஜன்னல் நேராக வெயிலில் நிற்காது.

அப்புறம் அந்தச் செங்கல் வேலை. பூச்சு இல்லாத செங்கல். கொத்தனார் ஒவ்வொரு கல்லையும் வைத்த விதம் வெளியே தெரியும், தப்பு செய்தால் மறைக்க முடியாது. கான் வளைவுகளைத் தட்டையாக, அகலமாக வைத்தார். தட்டையான வளைவு இரண்டு பக்கமும் சுவரை வெளியே தள்ளும். அந்தத் தள்ளலைப் பிடித்து நிறுத்த, வளைவின் இரு கால்களையும் இணைத்துக் கிடைமட்டமாக ஒரு கான்கிரீட் விட்டம் போகிறது. வில்லும் நாணும் மாதிரி. செங்கல் அமுக்கத்தைத் தாங்குகிறது, உள்ளே கம்பி வைத்த கான்கிரீட் இழுவிசையைத் தாங்குகிறது. ஒவ்வொன்றும் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்கிறது, அதை ஒளிக்காமல் காட்டுகிறது. கட்டடக் கலை படிக்கிற மாணவர்கள் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் இங்கே வந்து நிற்பதற்கு இதுதான் காரணம்.

செங்கல் ஏன் பொரிகிறது

இனி நண்பன் பக்கம். அவன் சொன்னதில் பெரும்பகுதி உண்மை.

நம் வீட்டுச் சுவரிலேயே பார்த்திருப்பீர்கள். கீழிருந்து ஓதம் ஏறும், வெள்ளையாக உப்பு பூக்கும், கொஞ்ச நாளில் மேல்பூச்சு பொரிந்து உதிரும். செங்கல்லிலும் கலவையிலும் நிலத்தடி நீரிலும் உப்பு இருக்கிறது. தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டு சுவருக்குள் நகர்கிறது. வெளியே வந்து காயும்போது தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். மேற்பரப்பில் தங்கினால் வெறும் வெள்ளைப் படலம், துடைத்துவிடலாம். மேற்பரப்புக்குக் கொஞ்சம் உள்ளே படிகமானால் அது செங்கல்லின் முகத்தையே உடைத்துத் தள்ளும். ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் ஒரு சுற்று. பூச்சு இருந்தால் முதலில் பூச்சு போகும், செங்கல் தப்பிக்கும். கானின் சுவரில் பூச்சு கிடையாது, அதனால் அடி நேராகச் செங்கல்லுக்கு.

இதை விடப் பெரிய சிக்கல் கம்பி. அகமதாபாத் நிலநடுக்க வரைபடத்தில் மூன்றாம் மண்டலம். பூகம்பம் வந்தால் வெறும் செங்கல் சுவர் பிளந்துவிடும் என்பதால் செங்கல் வரிசைகளுக்கு நடுவே இரும்புக் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் கம்பிக்கு நல்ல கான்கிரீட் தரும் பாதுகாப்பைச் செங்கல் தருவதில்லை. கான்கிரீட்டில் உள்ள காரத்தன்மை இரும்பின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கித் துருவைத் தடுக்கிறது. செங்கல் தண்ணீரை உறிஞ்சும் பொருள். அதற்குள் மெல்லிய கலவைக்கு நடுவே இருக்கிற கம்பிக்கு ஈரம் சுலபமாகப் போய்ச் சேரும். துருப்பிடித்த இரும்பு பழைய அளவில் இருக்காது, பல மடங்கு உப்பும். உப்புகிற இரும்பு சுற்றியிருக்கிற செங்கல்லைப் பிளக்கும். பிளவு வழியாக இன்னும் தண்ணீர் போகும். பூகம்பத்திலிருந்து காப்பாற்ற வைத்த கம்பியே கட்டடத்தை உள்ளிருந்து உடைக்கிறது.

2001 ஜனவரி 26 அன்று பூஜ் நிலநடுக்கம் வந்தது. மையம் இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தாலும் அகமதாபாத்தில் பல அடுக்குமாடிகள் சரிந்தன. கானின் கட்டடங்கள் விழவில்லை. ஆனால் வளைவுகளிலும் சுவர்களிலும் விரிசல்கள் விட்டன. ஏற்கெனவே ஈரம் குடித்துக்கொண்டிருந்த சுவர்களில் புதிய வழிகள் திறந்தன.

நிறுவனம் 2020-இல் சொன்ன காரணங்களும் இந்த வரிசையில்தான் இருந்தன: இரண்டாம் தரச் செங்கல், கூரை ஒழுகல், சுவர் ஓதம், துருப்பிடித்த கம்பி. இதில் எதையும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. 'நிர்வாகத்துக்கு ரசனை இல்லை, அவ்வளவுதான்' என்று நாம் எழுதியதெல்லாம் சுலபமான எழுத்து.

ஆனால் நூலகம் நிற்கிறதே

அதே வளாகம், அதே கட்டடக் கலைஞர், அதே காலம், அதே மாதிரிச் செங்கல். விக்ரம் சாராபாய் நூலகத்துக்கும் இதே நோய்கள் இருந்தன. அதைச் சீரமைக்கும் வேலை பிருந்தா சோமாயாவின் நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. வேலை முடிந்து, 2019-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதுகளில் சிறப்பு விருதும் கிடைத்தது. விடுதிகளில் ஒன்றும் மாதிரிக்காகச் சீரமைக்கப்பட்டது. இடிப்பதற்கு விருப்பம் கேட்ட அறிவிப்பு வந்தது அதற்கு அடுத்த ஆண்டு. இந்த முரண்தான் பலரையும் அதிர வைத்தது.

இந்த மாதிரிச் செங்கல் கட்டடத்தைச் சீரமைப்பது என்றால் என்ன செய்வார்கள்? சுருக்கமாகச் சொன்னால், முதலில் தண்ணீரை நிறுத்த வேண்டும்: கூரைத் தளம், மழைநீர்க் குழாய், கழிப்பறைக் குழாய்கள், கட்டடத்தைச் சுற்றியுள்ள தரைச் சரிவு. இதைச் செய்யாமல் சுவரில் கை வைத்துப் பயனில்லை. அடுத்து, செங்கல் செங்கல்லாகப் பார்த்து, முகம் உதிர்ந்ததை மட்டும் எடுத்துவிட்டு அதே அளவு, அதே நிறம், அதைவிடக் கொஞ்சம் நல்ல தரத்தில் சுட்ட கல்லை வைப்பது. துருப்பிடித்த கம்பியை வெட்டி எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத கம்பியால் விரிசலைத் தைப்பது. தைப்பது என்றே சொல்கிறார்கள், துணிக்குத் தையல் போடுவது போலத்தான். உள்ளே வெற்றிடம் இருந்தால் மெல்லிய கலவையை அழுத்தத்தோடு செலுத்தி நிரப்புவது.

ஒரு சின்ன விஷயம், ஆனால் முக்கியம். செங்கல் இடுக்குகளுக்குப் பாயின்டிங் செய்யும்போது வலுவான சிமெண்ட் கலவை போட்டால் நல்லது என்று தோன்றும். உண்மை நேர்மாறு. கலவை எப்போதும் செங்கல்லை விடக் கொஞ்சம் பலவீனமாக இருக்க வேண்டும். ஈரமும் அசைவும் கலவை வழியாகப் போனால் தேவைப்படும்போது கலவையை மாற்றிக்கொள்ளலாம். கலவை கெட்டியாகி வழியை அடைத்துவிட்டால் ஈரம் செங்கல் வழியாகப் போகும், செங்கல் உதிரும். எங்கெங்கோ பழைய கட்டடங்களில் நல்லெண்ணத்தோடு செய்த சிமெண்ட் பாயின்டிங்தான் செங்கல்லைக் கொன்றிருக்கிறது. பழுது பார்க்கத் தெரியாமல் பழுது பார்த்தது, பார்க்காமல் விட்டதை விட மோசம்.

"நூலகம் சரி, அது ஒண்ணு. விடுதி பதினெட்டு" என்றான் நண்பன். அதுவும் சரிதான். நூலகத்தில் பகலில் உட்கார்ந்து படித்துவிட்டுப் போய்விடுவார்கள். விடுதியில் ஒவ்வொரு தளத்திலும் குளியலறை, நாள் முழுக்கத் தண்ணீர். அதில் ஆட்கள் வாழ்ந்துகொண்டே இருக்கும்போது பழுது பார்க்க வேண்டும். இணையம், குளிர்சாதனம், சுத்தமான கழிப்பறை என்று இன்றைய மாணவர் எதிர்பார்ப்பது 1960-களின் மாணவர் எதிர்பார்த்தது இல்லை. ஒரு நூலகத்தைக் காப்பாற்றிய கணக்கு பதினெட்டு விடுதிக்கு அப்படியே பொருந்தாது.

அதே கான், வேறு வளாகங்கள்

கான் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலும் கட்டியிருக்கிறார். அங்கே என்ன செய்தார்கள் என்று பார்த்தால் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கிறது.

யேல் பல்கலைக்கழகத்தில் அவருடைய இரண்டு கட்டடங்கள் எதிரெதிரே இருக்கின்றன. 1953-இல் திறந்த கலைக்கூடத்தில் கண்ணாடிச் சுவர் பெரிய தொல்லையாக இருந்தது. குளிர்காலத்தில் நீர் கோத்துக்கொள்ளும், உலோகச் சட்டங்கள் துருப்பிடிக்கும். 2006-இல் முடிந்த சீரமைப்பில் அந்தக் கண்ணாடிச் சுவரையே எடுத்துவிட்டு, பார்வைக்கு அதே மாதிரியும் உள்ளுக்குள் நவீனமாகவும் உள்ள புதிய சுவரை வைத்தார்கள். அசல் பொருள் போய்விட்டது. யாரும் அதைத் துரோகம் என்று சொல்லவில்லை.

எதிரே உள்ளது பிரிட்டிஷ் கலை மையம். 1977-இல், கான் இறந்த பிறகு திறந்தது. அங்கே நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த கதை. கட்டடம் அபாய நிலைக்கு வரும் முன்பே, பல ஆண்டுகள் உட்கார்ந்து ஆராய்ந்து, 2011-இல் ஒரு பாதுகாப்புத் திட்டத்தைப் புத்தகமாகவே வெளியிட்டார்கள். கட்டடத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் எவ்வளவு முக்கியத்துவம், எதைத் தொடவே கூடாது, எதைக் கவனமாக மாற்றலாம், எதைத் தாராளமாக மாற்றலாம் என்று எழுதி வைத்தார்கள். அதை வைத்துக்கொண்டு வேலை செய்து 2016-இல் மறுபடி திறந்தார்கள். ஒரு நிர்வாகி மாறி இன்னொருவர் வந்தாலும், மின்வேலைக்காரர் சுவரில் துளை போட வந்தாலும், பார்த்துக்கொள்ள ஓர் ஏடு இருக்கிறது.

மூன்றாவது, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட்ஸ் ஆய்வுக்கூடம். கானை உலகப்புகழ் பெற வைத்த கட்டடம் இது. உள்ளே வேலை பார்த்த விஞ்ஞானிகளுக்கோ பெரும் எரிச்சல். கண்ணாடி வழியாக வெயில் கூசியது, ஜன்னலில் தாளை ஒட்டிக்கொண்டு வேலை பார்த்தார்கள். இடமும் போதவில்லை. பல்கலைக்கழகம் கட்டடத்தை மாற்றாமல் உள்ளே நடக்கிற வேலையை மாற்றியது. ரசாயனமும் குழாய்களும் தேவைப்படும் ஆய்வுகளை வேறிடத்துக்குக் கொண்டுபோனது. கணினியும் மேசையும் போதும் என்கிற ஆய்வாளர்களை இங்கே கொண்டுவந்தது. கண்ணாடியையும் மாற்றியது. அறுபது வருஷமாகத் தகராறு செய்த கட்டடத்தில் இப்போது ஆட்கள் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

மூன்றிலிருந்தும் மூன்று பாடம் எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, பொருளை மாற்றுவது பாவம் இல்லை, தெரிந்து மாற்ற வேண்டும். இரண்டு, கட்டடத்தைப் பற்றிய அறிவு ஆபத்து வரும் முன்பே ஏட்டில் இருக்க வேண்டும். மூன்று, கட்டடம் ஒரு வேலைக்கு ஒத்துவராவிட்டால் வேலையை மாற்றிப் பார்க்கலாம்.

பணக்காரப் பல்கலைக்கழகங்கள், அவங்களால முடியும் என்று சொல்லலாம். பணம் மட்டுமே காரணம் இல்லை என்பதற்கு அமெரிக்காவிலேயே உதாரணம் உண்டு. சிகாகோவில் பெர்ட்ரண்ட் கோல்ட்பெர்க் வடிவமைத்த பிரென்டிஸ் மகளிர் மருத்துவமனைக் கட்டடத்தை, எதிர்ப்புகளை மீறி இடித்ததும் வசதியான ஒரு பல்கலைக்கழகம்தான். கௌரவப் பட்டமும் மட்டும் போதாது. வெனிசுவேலாவில் கார்லோஸ் ராவுல் வில்லானுவேவா வடிவமைத்த கராகஸ் பல்கலைக்கழக நகரம் 2000-இலேயே உலகப் பாரம்பரியச் சின்னமானது. 2020 ஜூனில் அங்கே நடைபாதைக் கூரையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. பராமரிப்புக்குப் பணமும் ஆளும் இல்லாத இடத்தில் யுனெஸ்கோ பட்டயம் கூரையைத் தாங்கிப் பிடிக்காது.

இந்தியாவிலும் நல்ல முன்மாதிரி இருக்கிறது. சண்டிகர் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் பியர் ஜென்னரே வடிவமைத்த காந்தி பவனுக்கு, கெட்டி அறக்கட்டளையின் நவீனக் கட்டடப் பாதுகாப்பு நல்கை 2015-இல் கிடைத்தது. யேலில் செய்த மாதிரி முறையான பாதுகாப்புத் திட்டம் எழுதத்தான் அந்தப் பணம்.

சட்டத்தில் விழுந்த ஓட்டை

நம் நாட்டில் இந்தக் கட்டடங்களுக்கு இன்னொரு துரதிர்ஷ்டம், அவற்றின் வயது. 1958-ஆம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் சட்டப்படி நூறு வருஷமாவது ஆகியிருந்தால்தான் ஒரு கட்டடம் மத்தியப் பாதுகாப்புக்குத் தகுதி பெறும். கானின் விடுதிகளுக்கு அறுபது கூட முழுதாக ஆகியிருக்காது. கான்கிரீட்டும் கம்பியும் சேர்ந்த கட்டடம் பெரிய நோயில் விழுவது ஐம்பது அறுபது வயதில்தான். நூறு வயதுக்குக் காத்திருந்தால் காப்பாற்ற ஒன்றும் மிஞ்சாது.

டெல்லியில் இது கண் முன்னால் நடந்தது. 1972-இல் ராஜ் ரேவால் வடிவமைத்து, பொறியாளர் மகேந்திர ராஜ் கட்டமைப்பு செய்த ஹால் ஆஃப் நேஷன்ஸ், கான்கிரீட்டால் ஆன மாபெரும் வெளிச்சட்டகம். அறுபது வருஷம் ஆகாத கட்டடத்தைப் பாரம்பரியமாகக் கருத முடியாது என்று அங்குள்ள குழு நிலைப்பாடு எடுத்தது. 2017 ஏப்ரலில் ஓர் இரவில் இடித்துவிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால் அதே 2017-இல்தான் அகமதாபாத்தின் பழைய கோட்டை நகரம், இந்தியாவின் முதல் உலகப் பாரம்பரிய நகரமாக அறிவிக்கப்பட்டது. கானின் வளாகம் அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது. ஆக, விடுதிகளின் தலைவிதி முழுக்க முழுக்க நிறுவனத்தின் நிர்வாகக் குழு கையில். குழுவில் இருப்பவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒருவர் காலத்தில் சீரமைப்பு, அடுத்தவர் காலத்தில் இடிப்பு.

இடித்துவிட்டு அதே மாதிரி கட்டினால் என்ன?

2022 அறிவிப்பில் இருந்த ஒரு வழி இது. வெளித்தோற்றம் அப்படியே, உள்ளே புதுசு. கேட்க நியாயமாக இருக்கிறது. யேல் கண்ணாடிச் சுவரை மாற்றியதை ஒத்துக்கொண்ட நான் இதை மட்டும் ஏன் மறுக்க வேண்டும்?

யோசித்துப் பார்த்தேன். யேலில் மாற்றியது சுமை தாங்காத ஒரு தோலை. அகமதாபாத்தில் செங்கல்தான் எலும்பும் தோலும். வளைவு உண்மையிலேயே சுமை தாங்குகிறது, விட்டம் உண்மையிலேயே இழுத்துப் பிடிக்கிறது. இன்றைய முறையில் திரும்பக் கட்டினால் உள்ளே கான்கிரீட் சட்டகம் நிற்கும், வெளியே செங்கல் ஒட்டப்பட்டிருக்கும். வளைவு ஓவியமாகிவிடும். பத்து அறையும் தேநீர்க் கூடமும் என்ற உள்ளமைப்பும் போய்விட்டால், மிஞ்சுவது புகைப்படத்துக்கான முகப்பு. அதற்குப் பதில் புதுசாகவே நேர்மையாக ஒரு விடுதி கட்டலாம். சாலைக்கு எதிர்ப்பக்கம் அதே நிறுவனம் பிமல் படேலை வைத்து வெறும் கான்கிரீட்டில் புதிய வளாகம் கட்டி, சுரங்கப் பாதையால் இணைத்திருக்கிறது. அது கானைப் போல நடிக்கவில்லை. எனக்கு அது மரியாதையான வழியாகப் படுகிறது.

இந்தப் புதிய வளாகம் இன்னொன்றையும் காட்டுகிறது. தங்கும் அறைகளின் தேவை முழுவதையும் பழைய விடுதிகள் தலையில் கட்ட வேண்டியதில்லை. நெருக்கடி குறைந்தால், பழைய விடுதிகளைச் சில சில ஆண்டுகளுக்கு ஒன்றிரண்டாகக் காலி செய்து, ஒவ்வொன்றாகப் பழுது பார்க்கலாம். பதினெட்டில் எல்லாவற்றிலும் மாணவர் தூங்கியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ரிச்சர்ட்ஸ் ஆய்வுக்கூடத்துக்குச் செய்த மாதிரி சிலவற்றைப் பகல்நேர வேலைக்குத் திருப்பலாம்: ஆய்வாளர் அறைகள், சிறு கருத்தரங்குகள், பயிற்சிக்கு வருகிறவர்களின் விவாதக் கூடங்கள். தண்ணீர்ப் புழக்கம் குறைந்தாலே சுவருக்குப் பாதி நோய் குறையும்.

இவ்வளவுக்கும் பிறகு ஒன்றிரண்டு விடுதிகள் தேறாது என்று தெரியலாம். தெரிந்தால் ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் எந்த அளவீடு, எந்தச் சோதனை, எந்தச் சுவர் என்பதை அந்த முடிவு விவரமாகச் சொல்ல வேண்டும். முழு அறிக்கையையும் வெளியே வைத்து, வேறு பொறியாளர்கள் படித்துக் கேள்வி கேட்க இடம் கொடுக்க வேண்டும். ஒரு பல்கலைக்கழகம் தன் மாணவர்களிடம் எதிர்பார்க்கிற ஒழுங்கு அதுதானே. தரவைக் காட்டாமல் முடிவை மட்டும் எழுதி வந்தால் எந்தப் பேராசிரியர் மதிப்பெண் போடுவார்?

நண்பனுக்குப் பதில்

அவன் கேள்விக்கு வருகிறேன். இன்று இருக்கிற நிலையில், சீரமைக்காத ஒரு விடுதியில் என் மகளைத் தங்க வைப்பேனா? மாட்டேன். சீரமைத்து முடித்த அந்த மாதிரி விடுதி போன்ற ஒன்றில்? சோதனை அறிக்கையைக் காட்டினால், தங்க வைப்பேன். சந்தோஷமாகவே.

போனில் இதைச் சொன்னபோது அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ உனக்கும் எனக்கும் சண்டையே இல்லப்பா. ஒழுகுற அன்னைக்கே கூரையைப் பார்த்திருந்தா ரெண்டு பேரும் இவ்வளவு பேச வேண்டியதே வந்திருக்காது" என்றான்.

அவன் சொன்னது சரி. அகமதாபாத்தில் 'காப்பதா, இடிப்பதா' என்ற கேள்வி 2020-இல் திடீரென்று வந்து நிற்கவில்லை. கூரை முதலில் ஒழுகிய மழைக்காலத்தில், பூகம்பத்துக்குப் பிறகு விரிசலைப் பார்த்த நாளில், ஒவ்வொரு முறையும் ஒத்திப்போட்ட பராமரிப்பில் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குப் பதில் எழுதப்பட்டுக்கொண்டே வந்தது. உங்கள் ஊர்க் கல்லூரியில், உங்கள் பல்கலைக்கழகத்தில் 1960-களிலோ 70-களிலோ கட்டிய ஒரு நல்ல கட்டடம் கட்டாயம் இருக்கும். அடுத்த மழைக்கு அது எங்கே ஒழுகுகிறது என்று போய்ப் பாருங்கள். அதன் வரைபடம் யாரிடமாவது இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் ஒரு நகல் எடுத்து வையுங்கள். கையெழுத்து இயக்கமெல்லாம் அதற்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.